அமெரிக்கப் பள்ளியில் வரும் வேகன் ட்ரெயின் பாடத்தைப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

உங்கள் மகள் வார்த்தைகளையெல்லாம் சரியாக வாசிக்கிறாள், ஆனால் குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஆரகனுக்குக் (Oregon) குடியேறப் போன ஒரு சிறுமியின் வேகன் ட்ரெயின் பயணத்தைப் படித்துவிட்டு ‘ஏன்’ என்று கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் ஏதேதோ எழுதுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனும் நான்காம் வகுப்பில் இதே மாதிரிப் பாடத்தில்தான் மாட்டிக்கொண்டான். தாளின் ஓரத்தில் புகை விடும் ரயில் எஞ்சின் ஒன்றை வரைந்து வைத்திருந்தான். ட்ரெயின் என்றால் அவனுக்கு ரயில்தானே! கதை நடப்பது 1840களில், கலிஃபோர்னியா வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்ததோ 1869-ல்தான். வேகன் ட்ரெயின் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போன மாட்டு வண்டிகள் என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது, இத்தனை நேரம் அவன் வேறு ஏதோ ஒரு கதையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அதனால் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு வண்டியிலிருந்து ஆரம்பியுங்கள். நான் கராஜ் தரையில் சாக்பீஸால் 10 அடி நீளம், 4 அடி அகலம் கோடு போட்டேன், வண்டியின் உள்ளே ஏறக்குறைய அவ்வளவுதான் இடம். அந்தக் கால வழிகாட்டி நூல் ஒன்றில் ஓர் ஆளுக்கு 200 பவுண்டு மாவும் 150 பவுண்டு பேக்கனும் (உப்பிட்ட பன்றி இறைச்சி) வேண்டும் என்று இருக்கிறது. இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு அரிசிப் பையை அந்தக் கோட்டுக்குள் வைத்து, ஐந்து பேர் என்றால் மாவு மட்டுமே இந்த மாதிரி 50 பை, அதற்கு மேல் பாத்திரம், கோடாரி, படுக்கை என்றேன். “அப்போ நாம எங்கேம்மா உட்கார்றது?” என்றான். உட்கார்வதில்லை, பெரும்பாலோர் நடந்தே போனார்கள், குழந்தைகளும்தான். ‘சிறுமியின் காலணி ஏன் தேய்ந்து போயிற்று’ என்ற கேள்விக்கு நான் விடை சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

ஒரு விஷயம், மாட்டு வண்டி என்றதும் நமக்கு மேலே உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்காரர்தான் நினைவுக்கு வருவார். அங்கே காளைகளை ஓட்டியவர் பக்கத்திலேயே நடந்தார். மரமில்லாத சமவெளியில் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடக்கும், அதைப் பொறுக்கிவந்து அடுப்பெரிப்பது குழந்தைகளின் வேலை. இதை ஆங்கிலத்தில் விளக்க நான் திணறியபோது ‘வரட்டி மாதிரி’ என்று வாயில் வந்தது, ஊரில் பாட்டி வீட்டில் பார்த்திருந்ததால் உடனே பிடித்துக்கொண்டான். வீட்டில் தமிழிலேயே பேசிப் புரியவைத்துவிட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதவிடலாம், தப்பே இல்லை.

அப்புறம் காலண்டர். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் முக்கால்வாசி ‘ஏன்’களுக்கு விடை அதில்தான் இருக்கிறது. கதையில் அந்தச் சிறுமியின் தம்பி ஜுரத்தில் கிடக்கிறான், அவனுக்காக வண்டிகள் ஒரே ஒரு நாள்தான் நின்றன, ஏன் என்று கேட்டிருந்தார்கள். ‘கேப்டன் (வண்டி வரிசையின் தலைவர்) கெட்டவர்’ என்று எழுதியிருந்தான் மகன். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மிசூரியிலிருந்து ஆரகனுக்குச் சுமார் 2,000 மைல், ஒரு நாளைக்கு 15 மைல் போனால் 133 நாள். புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாடுகளுக்குத் தீனி இல்லை, தாமதித்தால் மலையில் பனி விழுந்துவிடும். மே மாதம் கிளம்பி, நிற்காமல் போனாலே செப்டம்பர் ஆகிவிடுகிறது, இதில் ஆற்றைக் கடக்கும் நாட்களைச் சேர்க்கவேயில்லை. அவன் அந்த வரியை அடித்துவிட்டு, ‘அவர் மற்ற எல்லாரையும் நினைத்துப் பார்த்தார்’ என்று எழுதினான்.

நிஜத்தில் நடந்த ஒன்றையும் சொல்லுங்கள். 1844-ல் இந்தப் பாதையில் போன கேத்தரின் சேகர் (Catherine Sager) என்ற சிறுமிக்கு வயது 9. ஓடும் வண்டியிலிருந்து குதித்து இறங்குவது அந்தப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வேலை, ஒரு நாள் அவளுடைய உடை கோடாரிப் பிடியில் மாட்டி, விழுந்து, சக்கரம் காலில் ஏறிவிட்டது. அப்பா ஹென்றி எலும்பைச் சேர்த்துக் கட்டினார். அடுத்த சில வாரங்களில் கிரீன் நதிக்கரையில் அவரே நோயில் இறந்தார், பின்னாலேயே அம்மாவும். ஏழு குழந்தைகள், கடைசிக் குழந்தை வழியில் பிறந்தது. கூட வந்த குடும்பங்கள்தான் அவர்களைப் பார்த்துக்கொண்டன, ஆனாலும் வண்டிகள் போய்க்கொண்டேதான் இருந்தன. இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது. ‘சிறுமியின் மனநிலை என்ன’ என்பதற்கு அதுவரை ‘சோகம்’ என்று ஒரே வார்த்தை எழுதியவன், அதன் பிறகு மூன்று வரி எழுதினான்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். இம்மாதிரிப் பாடங்களில் பூர்வகுடி மக்கள் வந்ததுமே சிறுமி பயந்தாள் என்று ஒரு வரி வரும். பாதை போனதே அவர்கள் நிலத்தின் வழியாகத்தான். ஆற்றைக் கடக்க உதவியவர்களும் சால்மன் மீனைப் பண்டமாற்றாகக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு, பயணிகள் அதிகம் செத்தது காலரா போன்ற நோய்களாலும் விபத்துகளாலும்தான். அதனால் அந்த வரி வந்ததும் நிறுத்தி, அவள் பயப்படும்படி யாராவது எதையாவது செய்தார்களா, எந்த வரியில் இருக்கிறது என்று உங்கள் மகளை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை என்றால், பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அந்தப் பெண் பயந்திருக்கிறாள், அதையே விடையாக எழுதச் சொல்லலாம்.