வாசகர் கேள்விகள்: சங்கேத உருளை

கேள்வி: ரகசியச் செய்தி அனுப்ப அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய எம்-94 சங்கேத உருளையில் 25 தட்டுகள். அவற்றை அடுக்கும் விதங்களை எண்ணினால் 26 இலக்க எண் வருகிறது. அந்தச் சங்கேதத்தை எப்படி உடைக்க முடியும்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அலுமினியத் தட்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும் 26 ஆங்கில எழுத்துகள், தட்டுக்குத் தட்டு வேறு வரிசையில் பொறிக்கப்பட்டிருக்கும். சாவி (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் அறிந்த ரகசியக் குறிப்பு) சொல்லும் ஒழுங்கில் தட்டுகளை அச்சில் கோத்து, செய்தியின் 25 எழுத்துகளை ஒரே வரியில் நிறுத்தி இறுக்குவார்கள். மற்ற 25 வரிகளில் ஏதாவது ஒன்றை அனுப்பினால் போதும். பெறுபவர் அதை வரியாக நிறுத்தி உருளையைச் சுற்றிப் பார்ப்பார். பொருள் தரும் வரிதான் செய்தி.

ஓட்டையும் இங்கேதான். செய்தி வரியிலிருந்து அனுப்பும் வரிக்கு 25 எழுத்துகளும் ஒரே தூரம் நகர்கின்றன. தட்டுகள் எதிரியிடம் சிக்கி, செய்தியில் உள்ள ஒரு சொல்லையும் அவன் ஊகித்துவிட்டால், அடுக்குகளை எண்ணவே வேண்டாம். 25 தூரங்களைச் சோதித்தால் போதும். ஒரு தூரத்தில், ஊகித்த எழுத்தைச் சங்கேத எழுத்தாக மாற்றும் தட்டு எந்த இடத்துக்காவது கிடைக்காவிட்டால் அந்தத் தூரம் தவறு. பத்தெழுத்துச் சொல் என்றால், தவறான தூரம் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் 36 மரத்தட்டுகளோடு இதை வடிவமைத்தது 1790களில். பிரான்சின் ராணுவச் சங்கேத நிபுணர் பஸேரி 1891இல் 20 தட்டுகளோடு மறுபடி கண்டுபிடித்தார். 1893இலேயே இன்னொரு பிரெஞ்சுச் சங்கேத நிபுணர் டி வியாரி அதை உடைத்துக் காட்டிவிட்டார். எம்-94 ராணுவத்துக்கு வந்ததோ 1922இல்! எழுத்துகளை உலோகத்தில் நிரந்தரமாகப் பொறித்ததே பெரிய தவறு என்பேன். பின்னால் வந்த எம்-138-ஏ கருவியில் மாற்றக்கூடிய காகிதப் பட்டைகள் வைத்தார்கள்.

கேள்வி: மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்ட எளிய வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: பட்டைதான் எளிது, அட்டைத் தட்டின் மெல்லிய விளிம்பில் எழுத முடியாது. அரை சென்டிமீட்டர் கட்டத்தாளில் 10 பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 26 எழுத்துகளைக் கலைத்து, அதே வரிசையை இரண்டு முறை எழுதுங்கள். 52 கட்டம், 26 செ.மீ.; ஏ4 தாளின் நீளத்தில் அடங்கும். பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, செய்தியை ஒரு நெடுக்கில் நிறுத்துங்கள். முதல் 26க்குள் உள்ள எழுத்தையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வலப்பக்கம் நெடுக்குகள் பாதியில் நின்றுவிடும்.

இரண்டு பட்டைகள் இடம் மாறினால் செய்தி முழுவதும் கெடாது. ஒவ்வொரு பத்தெழுத்திலும் அந்த இரண்டு இடங்கள் மட்டும் உளறும். பிழையைத் தேட அதுவே தடயம். கடைசிக் குழுவில் மூன்று நான்கு எழுத்துகளே இருந்தால், பொருள் தரும் நெடுக்குகள் ஒன்றுக்கு மேல் வந்து குழப்பும். கூடுதலாக ஒரு சொல் சேர்த்து நிரப்புங்கள். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பினால், உடைப்பவருக்கு வேண்டிய ஊகத்தை நாமே கொடுத்ததாகும்.