மலை இல்லாத ஊரில் மலை

அன்புள்ள ஐயா,

திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகளின் 24 பிள்ளைகளும் என்னிடம்தான். ஒரே அறை. எண்ணும் எழுத்தும் (முதல் மூன்று வகுப்புகளுக்கான அரசின் திட்டம்) வகுப்பில் வரைவது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் உண்டு. ஆனால் ‘உனக்குப் பிடித்ததை வரை’ என்று தாளைக் கொடுத்தால் இருபது பேர் ஒரே படத்தை வரைகிறார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், ஓர் ஆறு. எனக்கும் வரைய வராது. அதனால் யூடியூபைப் பார்த்துக் காகிதக் கப்பில் பட்டாம்பூச்சி, ஐஸ் குச்சியில் வீடு என்று செய்ய வைக்கிறேன். பாதி வேலையை நானே முடிக்க வேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டினால் பார்க்க வருகிறவர்கள் பாராட்டுகிறார்கள். பெற்றோரோ, ‘படிக்க அனுப்பினா பொம்மை பண்ண வைக்கிறீங்களே’ என்கிறார்கள். நீங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். நான் எதை மாற்ற வேண்டும்?

க.

அன்புள்ள டீச்சர்,

கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த இரண்டு மலைகள்தான் மனதில் நின்றன. உங்கள் மாவட்டத்தில் எந்த ஊர் வரப்பில் ஏறி நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை தெரியாது. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மலையை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வரைகிறார்கள். அண்ணன் நோட்டில் இருந்தது, டிராயிங் புத்தகத்தில் இருந்தது, எப்போதோ ஒருவர் போர்டில் போட்டுக் காட்டியது. அந்தப் படத்தை வரைந்தால் யாரும் திட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். தப்பாகிவிடுமோ என்ற பயம் வரும்போதெல்லாம் அது அந்த மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.

‘உனக்குப் பிடித்ததை வரை’ என்பது மிகப் பெரிய கேள்வி. பெரியவர்களிடம் ‘உங்களுக்குப் பிடித்ததைப் பேசுங்கள்’ என்று சொன்னாலும் வாயடைத்துத்தான் போவார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். ‘நேத்து மழையில வந்தியே, பை நனையாம எப்படிக் கொண்டுவந்த?’ என்று கேட்டுவிட்டுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். ஒருத்தி பையைச் சட்டைக்குள் வைத்திருப்பாள். ஒருவன் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருப்பான். ஒருவன் அப்பாவின் டிவிஎஸ் 50-இல் முன்னால் நின்றுகொண்டு வந்திருப்பான். இந்தப் படங்களில் மலைக்கு இடமே இருக்காது. ‘பாட்டி கீரை ஆயும்போது கை எங்கே இருக்கும்?’, ‘மதகுல தண்ணி திறந்தா முதல்ல என்ன அடிச்சுக்கிட்டு வரும்?’, ‘அறுவடை மெஷின் வந்தன்னைக்கு நீ எங்க நின்ன?’ இப்படி ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கேள்வி போதும். கேட்டதும் தாளைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எழுந்து செய்து காட்டச் சொல்லுங்கள். நாற்றுப் பறிக்கிறவர் எப்படிக் குனிவார், கொக்கு எப்படி ஒற்றைக் காலில் நிற்கும் என்று உடம்பால் ஒரு தடவை செய்துவிட்டால், அது தானாகவே கைக்கு வந்துவிடும். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற ஆசிரியர் வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளைக் களிமண்ணில் உருவம் செய்ய வைத்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு அமெரிக்கா போய் அங்கேயும் கலைக் கல்வி கற்பித்தார். கண்ணால் பார்க்காத முகத்தையும் ஒரு பிள்ளை தன் உடம்பில் உணர்ந்து மண்ணில் கொண்டுவரும் என்பதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். எழுந்து செய்துவிட்டு வரையும் இந்த வழி எனக்கு அவரைப் படித்ததிலிருந்து வந்தது.

உங்களுக்கு வரைய வராது என்று எழுதியிருக்கிறீர்கள். டீச்சர், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். எனக்கு ஓரளவு வரையத் தெரிந்ததால்தான் ஒரு பிள்ளையைக் கெடுத்தேன்.

ஒரு கிராமப் பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டிருந்த காலம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாடு வரைந்தாள். நான்கு கால்களும் ஒரே வரிசையில், சீப்புப் பல் மாதிரி. வயிற்றுக்குள் ஒரு கன்று, அதற்கும் நான்கு கால். மாட்டின் முகம் மட்டும் நம்மை நேராகப் பார்த்தது, இரண்டு கண்ணோடு. ‘கால் இப்படி இருக்காதும்மா’ என்று பென்சிலை வாங்கி, பின்னங்கால் இரண்டையும் அழித்துச் சரியாகப் போட்டுக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வெள்ளைத் தாளோடு வந்து, ‘நீங்களே வரைஞ்சு குடுங்க சார், நான் கலர் அடிக்கிறேன்’ என்றாள். அந்த வருடம் முழுக்க அப்படித்தான். எவ்வளவு கெஞ்சியும் அவளாக ஒரு கோடு போடவில்லை. அவள் வீட்டு மாடு அப்போது சினையாக இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவள் தனக்குத் தெரிந்த முழு உண்மையையும் தாளில் வைத்திருந்தாள். நான் காலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இன்றைக்கும் நினைத்தால் மனசு கனத்துப்போகிறது.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் தாளிலும் நான் கை வைத்ததில்லை. நீங்களும் வைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் வயதுக்காரர்கள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். பஸ்ஸை வரைந்தால் தகரத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் ஆட்கள் முழுசாகத் தெரிவார்கள். தெருவை வரைந்தால் இரண்டு பக்கத்து வீடுகளும் மல்லாந்து படுத்திருக்கும். முக்கியமான ஆள் பெரிதாக இருப்பார், தம்பியோடு சண்டை என்றால் தம்பி மூலையில் எறும்பு அளவுக்கு இருப்பான். ஏழெட்டு வயதில் தாளின் அடியில் தரைக்கு ஒரு கோடு, மேலே வானத்துக்கு ஒரு நீலப் பட்டை, நடுவில் வெறும் வெள்ளை என்று வரைவார்கள். ‘வானம் தரை வரைக்கும் வரணும்டா’ என்று நான் ஒருவனிடம் சொன்னேன். அவன் என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் அண்ணாந்து கை காட்டி, ‘வானம் அங்கதான் சார் இருக்கு. நடுவுல காத்து’ என்றான். ஒன்பது, பத்து வயதில் இதெல்லாம் தானாகவே மாறத் தொடங்கும். அவசரப்பட்டு நாம் மாற்ற வேண்டியதில்லை.

‘இது என்ன?’ என்றும் கேட்காதீர்கள். நமக்குப் புரியவில்லை என்பது போலப் பிள்ளைக்குப் படும். ‘சூப்பர்’, ‘வெரி குட்’ என்று எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு போவதும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இதப் பத்திச் சொல்லு’ என்றால் போதும், கதை கொட்டும்.

அந்தக் கதையில்தான் பெற்றோருக்கான பதிலும் இருக்கிறது. பிள்ளை சொல்வதில் ஒரு வரியை, அது சொன்ன வார்த்தைகளிலேயே, படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதுங்கள். ‘எங்க ஆயா கை காஞ்சு போயிருக்கும்’ என்றால் அப்படியே. புத்தகத் தமிழாக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறிய ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் தயங்காமல் படித்த முதல் வரி ‘கருப்பன் செத்துப் போச்சு’. கருப்பன் அவன் நாய். நாயைப் புதைத்த இடத்தை வரைந்திருந்தான். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக, யாரும் கேட்காமலே, நாலைந்து முறை படித்தான். அப்புறம் ‘கருப்பன்’ என்ற சொல்லில் இருக்கும் ‘க’வைப் பாடப் புத்தகத்தில் தேடிக்கொண்டு போனான். உங்கள் பிள்ளைகளின் அப்படி ஒரு தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, பிள்ளை படிப்பதை அதன் அம்மாவைக் கேட்க வையுங்கள். பொம்மை பண்ணுகிறோமா, படிக்கிறோமா என்று அதன் பிறகு அவர் கேட்க மாட்டார்.

காகிதக் கப் பட்டாம்பூச்சியை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பாதியை டீச்சரே முடிக்க வேண்டியிருக்கிற வேலை டீச்சருடைய வேலைதான். 24 பட்டாம்பூச்சிகளும் ஒன்றுபோல இருந்தால் அதில் எது யாருடையது என்று பிள்ளைக்கே தெரியாது.

சாமான்களுக்கு அலைய வேண்டாம். வாய்க்கால் தூர் வாரிய மண் உங்கள் ஊரில் கரையிலேயே கிடக்கும். கல், வேர், நத்தை ஓடு பொறுக்கிவிட்டு, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு நாள் வையுங்கள். யானை செய்யும்போது கால்களைத் தனியாக உருட்டி ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். ஒரே உருண்டையிலிருந்து காலை இழுத்து எடுக்க வேண்டும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி ஒட்டட்டும். காய வைப்பது நிழலில். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். பக்கத்தில் மண்பாண்டம் செய்கிறவர் யாராவது இருந்தால் ஒரு மதியம் வகுப்புக்கு அழையுங்கள். இதையெல்லாம் அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்.

இன்னொன்று, எந்த வகுப்பிலும் பிள்ளைகளைக் கத்த வைத்தது. மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசிக் காய வையுங்கள். துணி சோப்புக் கரைசலில் விளக்குமாற்றுக் குச்சியைத் தொட்டு அதன் மேல் வரையச் சொல்லுங்கள். கோடு போகப் போகச் சிவப்பாகும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இப்படித்தான். அதில் சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே சோப்பு செய்கிறது. சின்னப் பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள், அதனால் வகுப்பில் சுண்ணாம்பு வேண்டாம், சோப்பு போதும். அதுவும் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, முடிந்ததும் கை கழுவச் சொல்லிவிடுங்கள். சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்தால் நிறம் அழுத்தமாக விழும், தூளும் பறக்காது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களாகவே படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை பள்ளிகளுக்கு வந்த காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். உங்கள் அறையில் அது இன்னும் இருந்தால், மேசையோ நாற்காலியோ போட்டு மறைத்திருந்தால், நாளைக்கே இழுத்துப் போட்டுவிடுங்கள். தரையில் உட்கார்ந்து, கையை முழுசாக வீசி வரைய அதைப் போல இடம் கிடைக்காது.

கோலத்தையும் உள்ளே கொண்டுவாருங்கள். வீட்டில் அம்மா போடுவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஐந்து புள்ளி, ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு மொத்தம் 13 புள்ளி. ஐந்து புள்ளி, மூன்றில் முடியும் இடுக்குப்புள்ளிக் கோலத்துக்கு 19. இதை எண்ணச் சொல்லிவிட்டு, ஏழு புள்ளியில் தொடங்கினால் எத்தனை என்று கேளுங்கள். தென்னை ஓலையில் பாம்பும் பீப்பியும் பண்ணத் தெரிந்தவர்கள் உங்கள் வகுப்பிலேயே நாலு பேர் இருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். நீங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். கணக்கு வராது என்று பேர் வாங்கியவன் அன்று டீச்சருக்கு முடிச்சுப் போடச் சொல்லித் தருவான். அவன் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாக இருப்பதை மட்டும் பொறுக்கி ஒட்டாதீர்கள், 24-ஐயும் ஒட்டுங்கள். உங்கள் கண் உயரத்தில் இல்லாமல் பிள்ளைகளின் கண் உயரத்தில். பார்வையிட வருகிறவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். கலைத் திருவிழாப் போட்டிக்கு ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டியிருந்தால் அனுப்புங்கள், ஆனால் அதற்காக வகுப்பில் பயிற்சி என்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட வைக்க வேண்டாம்.

அறுவடை முடிந்ததும் உங்கள் பக்கத்து வயல்களில் வாத்துக் கூட்டம் இறங்கும். மேய்க்கிறவர் நீளக் கம்போடு வரப்பில் நிற்பார். பிள்ளைகளை அழைத்துப்போய் அரை மணி நேரம் பார்க்க விடுங்கள். வாத்து திரும்பும்போது கூட்டம் மொத்தமும் எப்படித் திரும்புகிறது, கம்பை அவர் எந்தக் கையில் வைத்திருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். திரும்பி வந்ததும் பெரிய தாளாகக் கொடுங்கள். பழைய காலண்டரின் பின்பக்கம் போதும். அந்தப் படங்களை ஃபோனில் எடுத்து எனக்கு அனுப்புவீர்களா? பிள்ளைகள் சொன்ன வரிகளோடு, எதையும் திருத்தாமல்.

அன்புடன்.