நாட்குறிப்பா, நினைவா?

கேள்வி: பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதிவருகிறேன். அண்மையில் 1994ஆம் ஆண்டுக் குறிப்பைப் புரட்டியபோது, அவ்வாண்டுத் திருச்செந்தூர்ப் பயணத்தில் அக்காவும் உடன் வந்தார் என்று இத்தனை காலம் நான் நம்பியிருந்தது தவறு என்று தெரிந்தது. ரயிலில் அவர் பேசியதுகூட அப்படியே நினைவிருக்கிறது. இது வயதின் கோளாறா?
– வாசகி, விருதுநகர்

பதில்: இதை வயதின் கோளாறு என்று கருத வேண்டியதில்லை. நீங்கள் தற்செயலாகச் செய்த ஒப்பீட்டை ஓர் ஆய்வாகவே செய்தவர் அமெரிக்க உளவியலாளர் மாரிகோல்ட் லிண்டன். 1972 முதல் ஆறு ஆண்டுகள், நாள்தோறும் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளை எழுதிவைத்து, மாதந்தோறும் அவற்றுள் சிலவற்றை எடுத்துத் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார். ஒரே வகையான நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நடக்கும்போது, அது பொதுவாக எப்படி நடக்கும் என்ற அறிவு வலுப்பெறுகிறது என்பதும், அதே வேளையில் அவற்றைத் தனித்தனியே பிரித்தறிவது கடினமாகிவிடுகிறது என்பதும் அவர் கண்டவை. திருச்செந்தூருக்குப் பலமுறை சென்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால், அக்கா வேறோர் ஆண்டில் ரயிலில் பேசியது 1994உடன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பேச்சு உண்மை, ஆண்டுதான் பிழை.

ஆண்டும் தேதியும் நினைவில் வலுவாகப் பதிவதில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் வாகெனார், ஆறு ஆண்டுகளில் தம் வாழ்வின் ஏறத்தாழ 2,400 நிகழ்ச்சிகளை யார், என்ன, எங்கே, எப்போது என்று பிரித்துப் பதிந்து, முடிவுகளை 1986இல் வெளியிட்டார். என்ன நடந்தது என்ற குறிப்பு நினைவை எழுப்பப் பெரிதும் உதவியது. தேதியை மட்டும் பார்த்தபோது ஏறக்குறைய எதுவுமே நினைவுக்கு வரவில்லை.

‘அப்படியே நினைவிருக்கிறது’ என்கிறீர்களே, அதைத்தான் நான் சற்று ஐயத்துடன் பார்க்கிறேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2001 செப்டம்பர் 12 அன்று 54 மாணவர்களிடம், முந்தைய நாள் நடந்த தாக்குதலைப் பற்றித் தாங்கள் அறிந்த விதத்தையும், அந்நாட்களில் தங்களுக்கு நேர்ந்த சாதாரண நிகழ்ச்சி ஒன்றையும் எழுதச் சொன்னார்கள். வாரங்களும் மாதங்களும் கழித்து மீண்டும் கேட்டபோது, இருவகை நினைவுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் மாறியிருந்தன. ஆயினும் தாக்குதல் பற்றிய நினைவு மட்டும் பிசகாமல் இருப்பதாக மாணவர்கள் உறுதியாக நம்பினார்கள். ஆகவே, ஒரு காட்சி துலக்கமாகத் தெரிகிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது.

இதற்காக, நினைவிலுள்ள அனைத்தையும் தள்ளிவிடவும் வேண்டாம். முற்றிலும் மறந்ததாகக் கருதிய நிகழ்ச்சிகளில் பத்தைத் தேர்ந்து, உடனிருந்தவர்களிடம் வாகெனார் விசாரித்தார். அவர்கள் சொன்ன கூடுதல் விவரங்களைக் கேட்டதும் பத்துமே அவருக்கு நினைவுக்கு வந்தன. (நாட்குறிப்பும் முழுமையானதன்று, அன்றிரவு உங்களுக்கு எழுதத் தோன்றியது மட்டுமே அதில் இருக்கிறது.) அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் நினைவில் உள்ளதை முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர் தம் நினைவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளக்கூடும்.