பார் எடுத்த குழியில் நெஞ்சு ஏன் இறுகியது?

கேள்வி: எனக்கு வயது 56. ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறேன். வெளிநாட்டு வியாபாரிகள் பழக்கிவிட்டதில், மாதம் இரண்டு ஞாயிறு சென்னைக்குப் போய் கோல்ஃப் ஆடுகிறேன். போன மாதம் நண்பர்களோடு ஊட்டியில் ஆடிய ஆட்டம் படுமோசம், 108 அடித்தேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. குழிக்குப் பக்கத்தில் பட் அடிக்கும்போது வலது கை உதறுகிறது. பார்க்கின்சன் என்று நெட்டில் போட்டிருக்கிறது. காது சூடாகிறது, முழங்கை வலிக்கிறது, பசியில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். 14வது குழியில் மேடு ஏறும்போது கோபத்தில் நெஞ்சு லேசாக அமுக்கி, தாடை வரை இழுத்தது. நின்றதும் சரியாகிவிட்டது, கேஸ்தான். நண்பர் கொடுத்த ப்ரோப்ரனலாலைப் பாதி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுகிறேன், தொடரலாமா? கெட்ட ஆட்டத்தை மறப்பது எப்படி? என் அப்பாவும் கோபக்காரர். 57 வயதில், கடையில் ஒருவரோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஸ்கோர் கார்டை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்: முதலில் ஸ்கோர் கார்டைத்தான் படித்தேன். எனக்கு கோல்ஃப் தெரியாது. காட்பாடியில் சாயங்காலம் ஷட்டில் ஆடுகிற ஆள் நான். கோல்ஃப் ஆடும் ஒரு நோயாளியை உட்காரவைத்து, உங்கள் கார்டை வரி வரியாக விளக்கச் சொன்னேன். குறைவாக அடிப்பவர்தான் கெட்டிக்காரராம். பார் என்றால் அந்தக் குழிக்குத் தேர்ந்த ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் அடிகளாம்.

சரி, கார்டு என்ன சொல்கிறது? 4வது குழியில் எட்டு அடி. 9வதில் ஒன்பது, மட்டையைப் புதருக்குள் வீசியது இங்கே என்று ஓரத்தில் நீங்களே குறித்திருக்கிறீர்கள். (அதற்குப் பிறகு எதை வைத்து பட் அடித்தீர்கள் என்று எழுதவில்லை.) இந்த இரண்டு இடத்திலும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருக்கும். நெஞ்சு வாயைத் திறக்கவில்லை. 14வது குழிக்கு வருகிறீர்கள். நாலே அடி. அந்த நாள் முழுக்க நீங்கள் எடுத்த ஒரே பார். நெஞ்சு அமுக்கியது அங்கே.

கோபத்தில் வந்தது என்றால் 9வதில் வந்திருக்க வேண்டாமா? நன்றாக ஆடிய குழியில் ஏன் வருகிறது? அங்கே மேடு இருந்தது, அதனால் வந்தது. கடிதத்தின் பின்பக்கத்தில், ஏதோ ஞாபகம் வந்தது போல, இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: ‘ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி ஏறியபோதும் பாதிப் படியில் இரண்டு தடவை நின்றேன், வயசாகிவிட்டது.’ முருகன் கோயில் படியில் யார் மேல் கோபம்?

நடந்தால் வருவது, நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் போவது, நடு நெஞ்சில் கனமாக உட்கார்ந்து தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ இழுப்பது. இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கிறது. சும்மா இருக்கும்போது அந்த ரத்தம் போதும். வேலை கொடுத்தால் போதாது. சென்னையில் நீங்கள் ஆடுவது சமதரையில், பேட்டரி வண்டியில். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல்; காற்றில் பிராணவாயு குறைவு, குளிர் ரத்தக் குழாயை இன்னும் இறுக்கும், போதாததற்கு ஏற்ற இறக்கம். உடம்பு ஒரு பரீட்சை எழுதியிருக்கிறது, ரிசல்ட் உங்கள் கையில் இருக்கிறது. பரிசோதிக்காமல் இதுதான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் 56 வயது, ஒன்பது வருடச் சர்க்கரை, அப்பாவுக்கு அப்படி ஒரு முடிவு. இத்தனையும் வைத்துக்கொண்டு ‘கேஸ்தான்’ என்று நீங்கள் சாதிக்கக் கூடாது.

இந்த ‘கேஸ்’ என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. மேல்விஷாரத்திலிருந்து ஒருவர் வந்தார், தோல் பதனிடும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மூன்று மாதமாக ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக்கொண்டிருந்தார். ‘வலியெல்லாம் இல்லை டாக்டர், மாடிப்படி ஏறினால் சும்மா ஒரு பாரம்’ என்றார். எங்கே என்று கேட்டேன். கை முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்தார். விரல் நுனியால் ஒரு புள்ளியைத் தொட்டு ‘இங்கே சுருக்குனு குத்துது’ என்பவரைப் பற்றி நான் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. முஷ்டியை மடக்கியோ உள்ளங்கையை விரித்தோ நெஞ்சில் வைப்பவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். அவருக்கு இரண்டு குழாயில் அடைப்பு இருந்தது. இப்போது ஸ்டென்ட் போட்டு நன்றாக இருக்கிறார், வேலைக்கும் போகிறார்.

இன்னொன்று: சர்க்கரை பல வருடம் இருந்தால் வலி சொல்லும் நரம்புகள் மழுங்கிப்போகும். மற்றவருக்கு யானை மிதித்தது போல் இருப்பது உங்களுக்கு ‘லேசாக’ இருக்கலாம். அந்த ‘லேசாக’ என்ற சொல்லில்தான் என் கண் நின்றது.

மாஸ்டர் செக்கப்பில் ஈசிஜி நார்மல் என்று ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறீர்கள். படுக்கவைத்து எடுத்த ஈசிஜி. ஷெட்டில் நிற்கிற காரின் இன்ஜின் சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் ஏற்றிப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும். ஆஞ்சைனா உள்ளவருக்கு வலி இல்லாத நேரத்தில் ஈசிஜி நார்மலாக இருப்பது சர்வசாதாரணம். எக்கோ, ட்ரெட்மில் அல்லது சிடி ஆஞ்சியோகிராம், எது வேண்டும் என்று இதய மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். நீங்களாக லேபுக்குப் போய் ட்ரெட்மில்லில் ஏறி நிற்காதீர்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் உங்களுக்கு 57. அப்பாவைக் கோபம் கொன்றது, எனக்கும் அதே கோபம், ஆகவே எனக்கும் அதே வயதில் அதே முடிவு என்று ஒரு கணக்குப் போட்டுவைத்திருக்கிறீர்கள். கடும் கோபத்துக்குப் பின் ஓரிரண்டு மணி நேரத்துக்கு மாரடைப்பு அபாயம் கூடுகிறது என்பது உண்மை, ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நல்ல குழாய் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் மிகச் சொற்பம். கடைத்தெருவில் தினம் எத்தனை பேர் சண்டை போடுகிறார்கள், எல்லோருமா சரிகிறார்கள்? அப்பாவுக்கு ஏற்கெனவே அடைப்பு இருந்திருக்கும். சண்டை கடைசி நாளைக் குறித்தது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடிக்க அவருக்கு வழி இருந்ததா, தெரியவில்லை. உங்களுக்கு இருக்கிறது. காலையில் காட்பாடி ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் போர்டே வங்காளத்தில் எழுதியிருக்கிறான். 1900ல் ஐடா ஸ்கடர் என்ற டாக்டரம்மா ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அத்தனை தூரத்திலிருந்து வருகிறார்கள். நீங்கள் ராணிப்பேட்டையிலிருந்து அரை மணி நேரத்தில் வரலாம்; வராமல் யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்து அந்த ப்ரோப்ரனலால். உங்கள் நண்பர் டாக்டரா? இல்லை, அவரும் தோல் வியாபாரி. பீட்டா பிளாக்கர் வகை மருந்து அது; கை நடுக்கத்தைக் குறைக்கும், அதனாலேயே கோல்ஃப் போட்டிகளில் அதை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அது போகட்டும். இதயத் துடிப்பைக் குறைத்து, ஆஞ்சைனாவையும் அமுக்கி வைக்கும். சென்னையில் மாத்திரை போட்டு ஆடிய நாட்களில் ஒன்றும் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரைக்காரருக்கு இன்னொரு வம்பு: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும். விடியற்காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிஸ்கட்டும் டீயுமாகக் கிளம்பி, நாலைந்து மணி நேரம் வெயிலில் இருக்கிறீர்கள். கடைசிக் குழிகளில் வரும் எரிச்சலில் பாதி, சர்க்கரை இறங்கியதாகவே இருக்கலாம். உங்களை நேரில் பரிசோதிக்கும் இதய மருத்துவர் இதே வகை மருந்தை எழுதினாலும் எழுதுவார். அப்போது சாப்பிடுங்கள், அது வேறு விஷயம். அதுவரை வேண்டாம். எந்தெந்த நாள் போட்டீர்கள் என்று மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நண்பர்கள் வாட்ஸ்அப்பில் சொன்ன ‘நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை’யைப் பர்ஸில் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கோ எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட் அது. சடாரென்று ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். ஆண்மைக்கான மாத்திரை போடுபவர் என்றால் ஆபத்தான அளவுக்கு இறக்கும். எடுத்து வெளியே வையுங்கள்.

மற்றவை: பார்க்கின்சன் இல்லை. அந்த நடுக்கம் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும், வேலை செய்யப் போனால் குறையும். உங்களுக்கு நேரெதிர். காபி டம்ளர் நடுங்குவதில்லை, செக்கில் கையெழுத்து மாறவில்லை, மூன்றடி தூர பட்டில் மட்டும் கை உதறுகிறது. கோல்ஃப்காரர்கள் இதை ‘யிப்ஸ்’ என்கிறார்கள். பெர்ன்ஹார்ட் லாங்கர் என்ற ஜெர்மன்காரர் இதில் பல வருடம் அவதிப்பட்டு, மட்டையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றி மாற்றிப் பார்த்தவர். 1985லும் 1993லும் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றார். பிடியை மாற்றுங்கள், கோச்சிடம் கேளுங்கள். நரம்பு டாக்டரிடம் போக வேண்டியதில்லை. முழங்கை வலி மட்டையை நெரித்துப் பிடிப்பதால். காது சூடு ஒன்றுமே இல்லை.

கெட்ட ஆட்டத்தை மறப்பது எப்படி என்று கேட்டீர்கள். ரோரி மெக்கில்ராய் 2011 மாஸ்டர்ஸில் நாலு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி 80 அடித்துக் கோட்டைவிட்டார். உலகமே டிவியில் பார்த்தது. இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பனை வென்றார், அந்த மாஸ்டர்ஸ் மட்டும் 2025 வரை காத்திருக்கவைத்தது. நீங்கள் 108 அடித்ததை நாலு நண்பர்கள் பார்த்தார்கள், அவர்களில் இரண்டு பேர் உங்களைவிட மோசமாக ஆடினார்கள் என்று கார்டே சொல்கிறது. ஒரு ஆட்டத்தின் எரிச்சல் இரண்டு நாள் இருக்கும், மூன்றாவது நாள் ஆர்டர் தேதி நெருங்கினால் மறந்துவிடும். ஒரு மாதமாகத் தூக்கம் போகாது.

தூக்கம் போனதற்குக் காரணம் ஸ்கோர் இல்லை சார். ஊட்டியிலிருந்து வந்ததும் மனைவியிடம் 108 என்று சொல்லிப் புலம்பியிருக்கிறீர்கள். மேட்டில் நின்றதைச் சொன்னீர்களா? கடிதத்தில் எங்கும் இல்லை. ராத்திரி படுத்ததும் அந்த மேடு ஞாபகத்துக்கு வருகிறது, உடனே ஸ்விங் வீடியோவைப் போட்டுப் பார்க்கிறீர்கள். மட்டையைப் பற்றிக் கவலைப்படுவது சுலபமாக இருக்கிறது. வீட்டில் எரிந்து விழுவதும் இதில்தான் சேர்த்தி. இன்று ராத்திரி அவரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கே அப்பாயின்ட்மென்ட் போடாமல் அவர் உங்களை விடமாட்டார் என்பதற்காகவும் சொல்கிறேன்.

இந்த வாரமே பாருங்கள். அதுவரை கோல்ஃப் வேண்டாம், மலைக்கோயில் படி வேண்டாம், சென்னைக்குத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். திரும்பும் வழியில் ஆறுதலுக்கு ஆற்காட்டில் நிறுத்தி மக்கன் பேடா சாப்பிடும் வழக்கத்தையும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இப்போது பதில் சொன்னால் திட்டுவேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்த அமுக்கம் வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த நடைக்கே வந்தாலோ, பத்து நிமிடம் ஓய்வெடுத்தும் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, இந்தப் பதிலைத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். சோடா வேண்டாம். காரை நீங்களே ஓட்டிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். உங்கள் ஸ்கோரேதான் நம்பர்: 108. கூப்பிட்டுவிட்டு உட்காருங்கள், ஆஸ்பிரின் மெல்லலாமா என்று பேசுபவரிடமே கேளுங்கள், ஒத்துக்கொள்ளாமை, வயிற்றுப்புண் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஈசிஜி ரிப்போர்ட், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றோடும் அந்த ஸ்கோர் கார்டையும் எடுத்துப் போங்கள். 14வது குழியைக் காட்டுங்கள். அடுத்த கடிதத்தில் ட்ரெட்மில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். வீசிய மட்டை கிடைத்ததா என்பதையும்.