டாக்குமெண்டரி போட்டு மனித உரிமை பாடம் எடுக்கிறது எப்படி?

கிளாஸ்ல டாக்குமெண்டரி காட்டினா பசங்க ஏதாவது கத்துப்பாங்களா, இல்ல சும்மா வேடிக்கை பார்த்துட்டு போயிடுவாங்களான்னு கேட்டிருக்கீங்க. கத்துப்பாங்க, ஆனா ஒன்றரை மணி நேரப் படத்த முழுசா ஓடவிட்டா பாதி பேர் தூங்கிடுவாங்க, பத்து நிமிஷம் போதும், அதுவும் நீங்க முன்னாடியே ரெண்டு தடவ பார்த்து எடுத்து வச்ச பத்து நிமிஷமா இருக்கணும்.

1948 டிசம்பர் 10ல ஐநா ஏத்துக்கிட்ட மனித உரிமைப் பிரகடனத்துல மொத்தம் 30 பிரிவு, அத பிரிண்ட் எடுத்து கையில கொடுத்துடுங்க. செங்கல் தூக்குற ஒரு சின்னப் பையன் கேமராவ திரும்பிப் பாக்குற மாதிரி சீன் வந்தா அங்கயே பாஸ் பண்ணி, இவனுக்கு எந்தப் பிரிவு கிடைக்கலன்னு கேளுங்க. ஒருத்தன் 26, கல்வின்னு சொல்வான், இன்னொருத்தி இல்ல இல்ல 24, ஓய்வுன்னு சொல்வா, ரெண்டும் சரிதான், அந்த வாக்குவாதம்தான் பாடமே.

அப்புறம் அதே சீன மியூட்ல போடுங்க. சோக மியூசிக் போனதும் படம் வேற மாதிரி தெரியும், யார் பேச்ச வச்சாங்க, யார் பேச்ச வெட்டினாங்கன்னு அவங்களே கேட்க ஆரம்பிப்பாங்க. எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது, அழ வைக்கிறதெல்லாம் ஈஸிங்க.

அடிதடி, ரத்தம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, வெளிய போகணும்னா போகட்டும். அதே மாதிரி கொடுமைய அனுபவிச்ச பிள்ளை அங்கயே உட்கார்ந்திருக்கலாம், எழுப்பி விட்டு "நீ சொல்லு"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. படம் நின்னதும் உடனே பேசச் சொல்லாம ரெண்டு நிமிஷம் எழுத விடுங்க, வாயே திறக்காத பசங்க அதுல நிறைய எழுதுவாங்க.