தேவிகுளத்தில் வேட்பாளராக நிற்குமுன்: வீட்டுக் காகிதங்களை இப்போதே எடுத்துப் பாருங்கள்

கேள்வி: மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது 29. பஞ்சாயத்து உறுப்பினராக இருக்கிறேன். கேரளச் சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளம் தனித்தொகுதியில் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது) நிற்க ஆசை. சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில், போடியில் எடுத்தது. இங்கே ஓட்டு இருக்கிறது, போடி வீட்டு முகவரியிலும் பெயர் இருக்கிறது. எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்?

பதில்: வயது 25 நிறைந்திருந்தால் போதும், அதில் உங்களுக்குத் தடை இல்லை. முதலில் பார்க்க வேண்டியது சான்றிதழை. தனித்தொகுதியில் நிற்பவர் கேரளத்துக்கான பட்டியலில் உள்ள சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரே சாதிப்பெயர் இரு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும், தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே செல்லாது. பட்டியல் சாதிகளை அறிவித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே உங்கள் முன்னோர் கேரளத்தில் குடியிருந்தார்கள் என்று காட்ட வேண்டும். தாத்தா, பாட்டி பெயருள்ள கம்பெனிப் பேரேடு, பழைய சம்பளச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பிறப்பு, இறப்புப் பதிவு என எது கிடைத்தாலும் திரட்டுங்கள். பிறகு அட்சயா மையம் (கேரள அரசின் இ-சேவை மையம்) வழியாக தாசில்தாரிடம் விண்ணப்பியுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது. ஒரு வருடம் முன்பே தொடங்குவது நல்லது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தொகுதியிலேயே நடந்தது. 2021-ல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா 7,848 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் தேர்தல் வழக்குப் போட்டார். குண்டளை சி.எஸ்.ஐ. தேவாலயப் பதிவேடுகளை வைத்து, ராஜா கிறிஸ்தவர், தனித்தொகுதியில் நிற்கத் தகுதி இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 20-ல் தேர்தலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2025 மே 6-ல் அந்தத் தீர்ப்பை மாற்றி அவர் வெற்றியை உறுதிசெய்தது. ஐந்து ஆண்டுப் பதவியில் ஏறக்குறைய நான்கு ஆண்டு வழக்கின் நிழலிலேயே போயிற்று.

பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. மலையில் ஒரே குடும்பத்தில் கோயிலும் தேவாலயமும் இருப்பது சாதாரணம். ஆனால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ ஏறியிருந்தாலும் எதிர்தரப்பு தேடி எடுக்கும். அது எங்கே இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள். அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். முடிவு வந்த 45 நாளுக்குள் தொகுதியின் வேட்பாளரோ வாக்காளரோ யாரும் உயர் நீதிமன்றம் போகலாம்.

அடுத்தது இரட்டை ஓட்டு. தேவிகுளத்தில் நிற்க, கேரளத்தில் ஏதேனும் ஒரு தொகுதியின் வாக்காளராக இருந்தால் போதும். ஆனால் இரண்டு இடத்தில் பெயர் இருப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. வாக்காளர் பட்டியலுக்காகப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. போடியில் படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேட்புமனு விஷயத்தில் டெபாசிட் பொதுவாக 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் திரும்ப வராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் தேவிகுளம் வாக்காளர்கள். கடைசி நாள் மாலை 3 மணிக்குள் நீங்கள்தான் தங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம் ஏ, பி மையால் போட்ட அசல் கையெழுத்தோடு வந்து சேராவிட்டால், ஒருவர் மட்டும் முன்மொழிந்த மனு தள்ளுபடியாகும். நான்கு மனு வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றே. ஆகவே ஒரு மனுவையாவது பத்துப் பேர் முன்மொழிவோடு கொடுத்து வையுங்கள். கைநாட்டு வைக்கும் பெரியவர்களை முன்மொழிய வைத்தால், தேர்தல் நடத்தும் அதிகாரி அல்லது தேர்தல் ஆணையம் அனுமதித்த வேறு அதிகாரி முன்னிலையில்தான் கைநாட்டு வைக்க வேண்டும். லயத்தில் உட்கார்ந்து வாங்கிவந்த கைநாட்டு பரிசீலனையில் நிற்காது.

சொத்து, வழக்கு விவரம் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள், "இல்லை" என்றாவது எழுதுங்கள். மனைவி, உங்களைச் சார்ந்தவர்கள் பெயரில் போடியில் வீடோ நிலமோ இருந்தால் அதுவும் வர வேண்டும். அரசு வேலைக்கு ஒப்பந்தம் எடுத்து அது முடியாமல் இருந்தாலும் தகுதி போகும். பஞ்சாயத்துக்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு ஒரு நாள் முன்பாவது தொடங்குங்கள். வரம்பு 40 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்காமல் தக்க காரணமும் காட்டாவிட்டால் மூன்று ஆண்டு தடை வரும். தோற்றவருக்கும் இது உண்டு.

வென்று, தமிழில் உறுதிமொழி எடுப்பதாக இருந்தால், உங்கள் கையில் தரப்படும் வாசகத்தை அரசியலமைப்பில் உறுதிமொழி வாசகங்கள் உள்ள மூன்றாம் அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். 2021-ல் ராஜாவுக்குக் கொடுத்த தமிழ் வாசகத்தில் "கடவுள் பெயரால்" என்பதும் இல்லை, "உளமார" என்பதும் இல்லை. அதனால் அவர் ஜூன் 2-ல் இரண்டாம் முறை உறுதிமொழி எடுக்க நேர்ந்தது. முறையான உறுதிமொழி இல்லாமல் அவையில் உட்காரும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் 500 ரூபாய்.