நாயின் தோலில் வரும் சீழ்ப்புண்ணுக்கு மாத்திரை கொடுக்காமல் மேலுக்குப் போடும் மருந்து மட்டும் போதுமா?

மேலோட்டமான புண் என்றால் போதும். எங்கள் மணிக்கு மாத்திரையே இல்லாமல்தான் ஆறியது.

உங்கள் நாய்க்கும் அடிவயிற்றில் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம், அது உடைந்த இடத்தில் வட்டமாகத் தோல் உரிவது என்றுதான் இருக்கும் என நினைக்கிறேன். மணிக்கு ஐப்பசி மழையில் அப்படித்தான் ஆரம்பித்தது. வட்டத்தைப் பார்த்துப் படர்தாமரை என்று நானே முடிவு செய்து மருந்துக் கடையில் கேட்டேன். மனிதர்களுக்கான ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். நாலு நாளில் சிவப்பு அடங்கியது. மூன்றாவது வாரம் முதுகு வரை பரவிவிட்டது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று கால்நடை மருத்துவர் படித்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், கிருமியைக் கொல்லாது. ஒரு வாயில்லா ஜீவனுக்கு அதைத் தடவினேனே என்று இன்றும் மனசு உறுத்துகிறது.

மருத்துவர் தோலைச் சுரண்டி சொறிப்பூச்சி இல்லை என்று உறுதி செய்தார். புண்ணில் கண்ணாடித் தகட்டை ஒற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி. நல்ல நாயின் உடம்பிலும் அது இருக்குமாம், தோல் கெடும்போதுதான் பெருகும். 4% குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) கலந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை என்று எழுதினார்.

இரண்டு வாரம் போட்டும் பலன் இல்லை. கோபமாகத்தான் திரும்பப் போனேன். "நுரை எவ்வளவு நேரம்மா உடம்பில் இருந்தது?" என்று கேட்டார். நான் தேய்த்த கையோடு கழுவிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஊற வேண்டும்! அதுவும் உடம்பு முழுக்க நுரை பட்ட பிறகு எண்ண வேண்டும். அப்புறம் செல்போனில் அலாரம் வைத்து, கண்ணிலும் காதுக்குள்ளும் படாமல், அவன் நக்கிவிடாமல் முகத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம் புதுக் கொப்புளம் வரவில்லை. புண் ஆறிய பிறகும் ஒரு வாரம் நிறுத்தாமல் போடச் சொன்னார். தாடையில் இருந்த இரண்டு புண்ணுக்கு மட்டும் மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு. மனிதர்களுக்கு முக்கியமான மருந்து என்பதால் அதைக் கண்டபடி பூசக் கூடாது என்றார்.

மணிக்கு மூல காரணம் தெள்ளுப்பூச்சி. அதற்கும் சேர்த்து மருந்து போடாவிட்டால் புண் திரும்பத் திரும்ப வரும்.

மருத்துவரிடம் போகாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கட்டி கட்டியாக வீங்கி ரத்தமும் சீழும் வடிந்தால், நாய் சாப்பிடாமல் படுத்தால் அது ஆழமான தொற்று, ஷாம்பு மட்டும் போதாது. வேப்பெண்ணெய் போதும் என்பவர்களுக்கும் ஒன்று: நானும் தடவினேன், ஆறவில்லை.

இதைவிட வலித்தது எங்கள் குடியிருப்பில் நடந்ததுதான். முடி கொட்டிய நாயைப் பார்த்து "தொத்து வியாதி" என்று லிஃப்டில் ஏற்ற விடவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்குவேன். மொட்டைமாடிக் குழாய்க்கும் பூட்டு. ஆரோக்கியமானவர்களுக்கு இது ஒட்டுவது அபூர்வம் என்று மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தைச் சங்கத்தில் கொடுத்தேன். யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மணிக்கு முடி முழுசாக முளைத்துவிட்டது. குழாய்ப் பூட்டை இன்னும் திறக்கவில்லை.